ரெண்டு ஷேடு கம்மி

உலகத்தில் இதுவரை கறுப்பாக ஒருத்தரும் பிறந்ததில்லை, வெள்ளையாகவும் ஒருத்தரும் பிறந்ததில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனிதர் பெங்களூரில் எங்கள் தொம்மலூரில் இருக்கிறார். பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிற வேலை. கட்டம் கட்டமாக நிறங்கள் அச்சடித்த அட்டைக் கொத்து எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும். அதனால் பெயரே ஷேட் கார்டு. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஓட்டலில் காபி வந்தால் உடனே குடிக்கமாட்டார். அட்டையை எடுத்துத் தம்ளர் பக்கத்தில் பிடிப்பார். "ஏன்ப்பா, நேத்து ரெண்டு கட்டம் கீழ இருந்துச்சே? இன்னிக்குப் பால் ஜாஸ்தி. எடுத்துட்டுப் போ." சர்வர் தலையில் அடித்துக்கொள்வார். ஒருநாள் தன் கடை முதலாளியின் கண்ணுக்கு நேராகவே அட்டையை நீட்டிவிட்டார். "மொதலாளி, உங்க கண்ணு மஞ்சப் பக்கம் நகந்துடுச்சு. டாக்டரைப் பாருங்க." முதலாளி கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். மறுவாரம் மஞ்சள் காமாலை என்று படுத்தார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு நீளச் சுவர். போகிற வருகிற ஆண்களுக்கெல்லாம் அதுதான் கழிப்பிடம். சாமி படம் ஒட்டிப் பார்த்தோம்; சாமிக்குத்தான் கஷ்டம். கடைசியில் சாதி, மதம், மொழி எதுவும் பாராமல் தெருவாசிகள் எல்லோரையும் அந்தச் சுவரில் வரைவது என்று முடிவு செய்தோம். மேலே 'எல்லோரும் சமம்' என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுத வேண்டும். யோசனை என்னுடையது, அதற்கென்று போட்ட கமிட்டிக்குத் தலைவரும் நான்தான். அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு எனக்கே கைதட்டத் தோன்றியது.

ஓவியக் கல்லூரிப் பெண்கள் வந்து உருவங்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். நிறம் ஷேட் கார்டு பொறுப்பு. ஆளுக்கொரு டப்பா, மூடிமேல் பெயர். "கையை நீட்டுங்க" என்றதும் தெருவே உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பி நீட்டியது.

"மூஞ்சி வெயில்ல, கை மட்டும் நிழல்லயா? திருப்புங்க சார்!"

ரிட்டயரான பேங்க் மேனேஜர் தன் கல்யாண போட்டோவைச் சாட்சிக்குக் கொண்டுவந்தார். பூக்காரி செல்வி போனில் ஃபில்டர் போட்ட செல்ஃபியைக் காட்டி, "இதே மாதிரி போடுண்ணா" என்றாள். "இது நீ இல்லம்மா, உன் போனு" என்றார் ஷேட் கார்டு. தெருக் கூட்டுகிற லட்சுமம்மா மட்டும் வெயிலில் காய்ந்த கையை அப்படியே நீட்டினார். "எப்பிடி இருக்கோ அப்பிடியே போடப்பா."

என் மகள் காவ்யாவுக்கு இருபத்தாறு வயது, ஐ.டி. வேலை. நல்ல கறுப்பு என்று எழுதினால் ஷேட் கார்டு சண்டைக்கு வருவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூராவும் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஆறு டப்பா கலந்து ஐந்தைத் தள்ளினார். "சும்மா பழுப்பு இல்லம்மா, உள்ளுக்குள்ள ஒரு செவப்பு ஓடுது. அது வராம விடமாட்டேன்." ஆறாவதைச் சுவரில் பூசியதும் காவ்யா பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இங்க பாரேன்! என் கை எங்க முடியுது, சுவரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல!"

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்துவைத்தேன். மறுநாள் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, அந்தச் சுவரைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

அவள் போனதும் ஷேட் கார்டை ஓரமாக அழைத்தேன். "இவளுக்கு மட்டும் ரெண்டு ஷேடு கம்மி பண்ணிடுங்க."

"எதைக் கம்மி பண்றது சார்?"

"புரியாத மாதிரி கேக்காதீங்க. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க."

"வரட்டும் சார். அவங்களையும் கையை நீட்டச் சொல்லுங்க, கலந்து தர்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இது கமிட்டி சுவரு. நீங்க கலர் கலக்கற ஆளு, அவ்வளவுதான்" என்றேன். தலைக்கு மேலே 'எல்லோரும் சமம்' இன்னும் ஈரம் காயவில்லை.

அவர் காவ்யாவின் டப்பாவைத் திறந்து, பக்கத்தில் வெள்ளையையும் திறந்து வைத்து, பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். "எவ்வளவு ஊத்தணும்னு உங்களுக்குத்தான் தெரியும் சார்." அட்டையைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஊற்றினேன். பெற்ற பெண்ணின் முகத்தில் நானே பூசினேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், ஒருத்தரும் சுவரை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கேசரி சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். ஆனால் தெரு பார்த்துவிட்டது. "தலைவர் பொண்ணுக்கு மட்டும்தானா?" என்று ஆளுக்கொரு பிரஷ்ஷோடு கிளம்பிவிட்டார்கள். புதன்கிழமைக்குள் மேனேஜர், செல்வி, நேபாளத்து வாட்ச்மேன் எல்லோரும் ஒரே கோதுமை நிறம். ஒருவழியாக எல்லோரும் சமமாகிவிட்டோம். லட்சுமம்மா மட்டும் இருந்தபடியே இருந்தார்.

காவ்யா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த அங்கிள் ஒரு மத்தியானம் பூரா என்னைப் பாத்தாருப்பா. ஒரு தடவைகூட என்கிட்ட ஏதோ கொறையுதுங்கற மாதிரி பாக்கல." அவ்வளவுதான். இப்போதெல்லாம் அவள் சுற்றுவழியில்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள்.

போன வாரம் பெயின்ட் கடைக்குப் போனேன். "வாங்க சார்" என்றார் ஷேட் கார்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

"தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட எதுக்கு சார்? நான் சரியாத்தானே கலந்தேன்?" கையிலிருந்த டப்பாவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். இன்றுவரை சொல்லவில்லை. அவள் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் வாயெடுக்கிறேன், சாப்பிட்டியா என்றுதான் வருகிறது. இருபத்தாறு வருஷம் கூடவே இருந்தும் நான் பார்க்காத என் பெண்ணை ஒரே மத்தியானத்தில் பார்த்துவிட்ட மனுஷன் அவர். அன்றைக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கடையில் கூட்டமாக இருந்தது, வந்துவிட்டேன்.