தால்ச்சாவும் என் பிள்ளை வளர்ப்பும்

ஒப்புக்கொள்கிறேன். இரண்டே முக்கால் வயது மகன் சாப்பாட்டின் முன்னால் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காருவான் என்று எதிர்பார்த்த அறிவாளி நான்தான். (அலுவலகத்தில் நானே மணிக்கு மூணு தடவை டீக்கு எழுந்து போகிறவன்.)

தங்கை நஸ்ரினைப் பெண் பார்க்க லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பல வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். நஸ்ரினுக்கு மாப்பிள்ளையை ஏற்கெனவே ரொம்பப் பிடித்துவிட்டது. "அண்ணே, எதுனா சொதப்பிடாத" என்று காலையிலிருந்து ஏழு தடவை சொல்லிவிட்டாள்.

மதியம் பிரியாணி. எங்கள் வழக்கப்படி சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. மாப்பிள்ளையின் அத்தாவும் நானும் உட்காரும் சஹனில் நாலில் ஒருவனாக மகன் யாசினையும் உட்காரவைக்க முடிவு செய்தேன். பிள்ளையின் ஒழுக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் சம்பந்தம் பேசி முடித்துவிடுவார்கள் என்று நினைப்பு.

"ஏங்க, அவனுக்கு முன்னாடியே ஊட்டிடறேன். அஞ்சு நிமிஷம் ஒக்காந்தாலே அவன் வயசுக்குப் பெருசு" என்றாள் மனைவி பர்வீன்.

"நீ செல்லம் குடுத்துதான் இப்படி. எம் பக்கத்துல எப்படி ஒக்கார்றான் பாரு."

உட்கார்ந்தான். மூன்று நிமிடம் சமர்த்தாகச் சோற்றைப் பொறுக்கித் தின்றான். நான் அடுப்படி வாசலில் நின்ற பர்வீனைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன். (தடவியது பிரியாணிக் கை.)

நாலாவது நிமிடம், பாதி மென்ற கறித்துண்டை வாயிலிருந்து எடுத்தான். யாருக்குக் கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்த்தான். மாப்பிள்ளையின் அத்தாவுக்கு முன்னால், சோற்றின் மேல், பத்திரமாக வைத்தான்.

"மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரித்தார் அவர்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? "டேய்!" என்று கறியை எடுக்கப் பாய்ந்தேன். என் முழங்கை தால்ச்சாக் கிண்ணத்தில் இடித்தது. பருப்பு, கத்திரிக்காய், எலும்பு சகலமும் பெரியவரின் வெள்ளைச் சட்டையில் இறங்கின. துடைத்துவிட எழுந்தவன், கைலி தடுக்கிச் சஹனுக்குள்ளேயே கையை ஊன்றினேன். யாசின் மட்டும் இடத்தைவிட்டு நகராமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவுக்குப் பின்னால் நஸ்ரின் விசும்புவது கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பெரியவர் சட்டையிலிருந்த கத்திரிக்காயை எடுத்து ஓரமாக வைத்தார். "தம்பி, புள்ள ஒழுங்காத்தான் ஒக்காந்திருக்கான். நீங்கதான் ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்கிறீங்க." பிறகு பர்வீனிடம் திரும்பி, "பொண்ண அழ வேணாம்னு சொல்லும்மா. நிக்காஹுக்கு நாள் பாக்கலாம்" என்றார்.

ஆறு வருடமாகிவிட்டது. யாசின் இப்போது எந்த விருந்திலும் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை, வயது ஏறியது, அவ்வளவுதான். நஸ்ரின் வீட்டு விருந்தில் பெரியவரின் சஹனில் அவனுக்கு நிரந்தர இடம்.

"மச்சானுக்குத் தனித் தட்டு வச்சாச்சா?" என்று நஸ்ரினின் கணவர் சத்தமாகக் கேட்பார். தட்டு வரும். கூடவே என் கழுத்தில் கட்ட ஒரு துண்டும் வரும். கட்டிவிடுவது என் மகன்.