பீரோ அண்ணாச்சியும் மூன்றாவது பாட்டும்

பீரோ அண்ணாச்சியைப் போல ஒரு பிடிவாதக்காரர் குற்றாலத்து மலைக்கு இந்தப் பக்கமும் கிடையாது, கேரளத்துக்கு இறங்கும் அந்தப் பக்கமும் கிடையாது. மலைக்கு இரண்டு பக்கமும் அவரோடு வாசிக்கப் போய்த் திட்டு வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

குற்றாலத்தில் ஒரு ரிசார்ட். பெயர் வேண்டாம், சொன்னால் எனக்குப் பித்தம் ஏறும். சாரல் சீசனில் அங்கே சாயங்கால டீ நேரத்துக்கு நாங்கள் நாலு பேர் ஜாஸ் வாசித்தோம். நான் டிரம்பெட்; பேச்சுக்கு லீடரும் நான்தான். கடையநல்லூர் காதர் டிரம்ஸ். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வேலையை உதறிவிட்டு வந்த ஸ்டெல்லா கீபோர்டு. அண்ணாச்சி டபுள் பேஸ். அது வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ஆளை விட உயரம், நிறுத்தி வைத்து விரலால் இழுத்து மீட்ட வேண்டும். சென்னையில் பெரிய ஹோட்டல்களில் முப்பது வருஷம் வாசித்துவிட்டு, மனைவியின் ஊரான இலஞ்சிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்த வாரமே ஆசாரியைப் பிடித்து, இரண்டு கதவும் பூட்டும் வைத்து அதற்கு ஒரு மரப்பெட்டி செய்தார். அந்தப் பெட்டியைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

எங்கள் ரசிகர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையும் தோளில் துண்டுமாக வருவார்கள். பஜ்ஜி வரும்வரை எங்களைப் பார்ப்பார்கள். பஜ்ஜி வந்தபிறகு பஜ்ஜியைப் பார்ப்பார்கள். நான் மூச்சைப் பிடித்து ஊதினால், "தம்பி, கொஞ்சம் மெதுவா, பிள்ளை தூங்குது" என்பார்கள். என் டிரம்பெட்டுக்கே இந்த மரியாதை என்றால், மைக்கே வேண்டாம் என்று நின்ற அண்ணாச்சியின் வாத்தியத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

"ஒரு மைக்கு வச்சா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"உனக்குக் கேக்குதா, இல்லையாலே?"

"எனக்குக் கேக்கு. சனத்துக்குக் கேக்கலியே."

"சனம் உன்னைக் கேக்கட்டும். நீ என்னையக் கேளு. அம்புட்டுத்தான்."

ஜாஸில் ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசித்துவிட்டு, பிறகு ஆளுக்கொரு முறை எடுத்து, மனம் போனபடி சஞ்சரித்துவிட்டுத் திரும்ப வேண்டும். என் முறை வந்தால் நான் அகஸ்தியர் மலைவரை போய்விடுவேன். அந்த நேரம் அண்ணாச்சி சத்தத்தைக் குறைத்து எனக்கு வழி விடுவார்; ஆனால் நடையை மட்டும் விடமாட்டார். தும், தும், தும், தும் என்று ஒரே சீராக நடப்பார். "நீங்க எங்கன வேணா போங்கலே. திரும்பி வரும்போது வீடு இருக்கணும்லா?" என்பார். கூடவே லாடம் அடித்த தோல் செருப்பால் தரையில் தட்டுவார். அந்தச் செருப்புக்காக அவரைப் பலமுறை திட்டியிருக்கிறேன், பாவி.

சாரல் காற்று அந்த வாத்தியத்துக்கு ஆகாது. மரம் ஊதும், ஒட்டு விடும். அண்ணாச்சி கண்ட வைத்தியம் அரிசி. சின்னச் சின்னத் துணிப்பைகளில் ரேஷன் அரிசியைக் கட்டிப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவார். ஈரத்தை அரிசி குடித்துவிடுமாம். இது எங்களுக்குத் தெரியும். கேரள எல்லையில் இருக்கிற புளியறை சோதனைச் சாவடிக்குத் தெரியுமா? புனலூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகிற வழியில் வேனை நிறுத்தினார்கள். பெட்டியைத் திறந்தால் பத்துப் பை ரேஷன் அரிசி!

காவலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "லாரியில கடத்துவான், கார்ல கடத்துவான். பீரோவுல வச்சுக் கடத்துத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்."

"இது கடத்தலு இல்ல சார், வைத்தியம்."

"யாருக்கு?"

"இவளுக்கு" என்று வாத்தியத்தைக் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் வேறு யாருடனோ வந்தவர்கள் மாதிரி மலையைப் பார்த்தோம்.

நிரூபிக்கிறேன் பேர்வழி என்று அதை ரோட்டோரம் நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பாட்டுக்கு அடியில் ஓடும் பேஸை மட்டும் முழுசாக, ஆதியோடு அந்தமாக. பரோட்டாக் கடையிலிருந்து லாரிக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். "பாட்டு எப்பம்வே வரும்?" என்று ஒருவர் கேட்டார். அரை மணி நேரம் தும் தும்மைக் கேட்ட காவலர் கும்பிட்டுவிட்டார். "போதும்யா. அரிசியையும் கொண்டு போம், அதையும் கொண்டு போம்." நாங்கள் புனலூர் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். இனிமேல் சொல்வதில் எனக்குச் சிரிப்பு வராது.

போன சீசனில் ரிசார்ட் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், அந்த பீரோக்காரர் நிக்கிற இடத்துல ரெண்டு டேபிள் போடலாம். அவர் வாசிக்கிறது யாருக்குமே கேக்கல. கீபோர்டுலயே அந்த சவுண்ட் வரும்ல? ஒரு நாள் அவர் இல்லாம வாசிங்க. வித்தியாசம் தெரிஞ்சா அவர் இருக்கட்டும். தெரியலைன்னா நீங்க மூணு பேர் மட்டும் போதும். சீசன் முடிஞ்சாலும் வருஷம் பூரா வாசிக்கலாம்."

அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் நீங்க கீழ உக்காந்து எங்களைக் கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். மனிதர் இஸ்திரி போட்ட சட்டையும், நெற்றியில் திருநீறும், அதே செருப்புமாக வந்து கடைசி மேஜையில் உட்கார்ந்தார். பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை.

முதல் இரண்டு பாட்டும் மெதுவான பாட்டு. ஒப்பேற்றிவிட்டோம். மூன்றாவது வேகமான பாட்டு. காதர் கயிறறுத்த கன்றாக ஓட ஆரம்பித்தான். பேஸையும் சேர்த்து வாசித்த ஸ்டெல்லாவின் இடது கை தடுமாறியது. நான் வழக்கம்போல மலையேறிப் போயிருந்தேன். திரும்பினால் வீட்டைக் காணோம். எந்த இடத்தில் இறங்குவது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததை ஊதினேன்.

அப்போது பின்னாலிருந்து அது வந்தது. டக், டக், டக், டக்.

அந்தக் கூடத்துக்கு மரப்பலகைத் தரை. கடைசி மேஜையில் லாடம் தட்டினால் மேடையில் எங்கள் உள்ளங்காலில் ஏறும். காதர் அதைப் பிடித்தான். ஸ்டெல்லா பிடித்தாள். கடைசியாக நானும் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். பாட்டு கச்சிதமாக முடிந்தது. அந்த சீசனிலேயே முதன்முறையாக சனம் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டியது.

மேனேஜர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா? அவர் இல்லாம இன்னும் நல்லாவே இருக்கு!"

நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். 'அந்தக் கால் இல்லையென்றால் நாங்கள் நாறியிருப்போம் சார்.' அவ்வளவுதான். வருஷம் பூரா வேலை என்ற நினைப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டது. "ஆமா சார்" என்றேன்.

மறுநாள் காலை இலஞ்சிக்குப் போனேன். அண்ணாச்சி உலர்ந்த துணியால் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கன இடம் பத்தலைன்னு சொல்லுதாவ அண்ணாச்சி."

"எனக்கா, இவளுக்கா?"

நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "நேத்து நான் காலைத் தட்டுனது தப்போலே? நீ கேக்கத்தான் சொன்ன. எனக்குச் சும்மா இருக்க முடியல பாத்துக்கோ. மேனேஜரு அதுக்குத்தான் கோவிச்சுக்கிட்டாரோ?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் ஓடிவந்தேன்.

வருஷம் பூரா என்றாரே, இரண்டே மாதம். எங்கள் மூன்று பேரையும் அனுப்பிவிட்டு மேனேஜர் ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கி வைத்தார். இரண்டு மேஜையும் போடவில்லை; அண்ணாச்சி நின்ற இடத்தில்தான் அது நிற்கிறது. அதில் பாட்டும் கேட்காது, ஒரு மண்ணும் கேட்காது. தும் தும் தும் என்று பேஸ் மட்டும்தான் ரோடுவரை இடிக்கிறது. சனம் அதற்குத் தலையாட்டிக்கொண்டு பஜ்ஜி தின்கிறது. எனக்கு வேண்டியதுதான்.

போன வாரம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று இலஞ்சிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்த மூன்றாவது பாட்டைத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அதே நேரம் என் முறை வரும் இடம் வந்தது. அண்ணாச்சி எப்போதும் போலச் சத்தத்தைக் குறைத்து எனக்கு வழி விட்டார். என் கையில் டிரம்பெட் இல்லை. என் முறை முடியும்வரை வாசலிலேயே நின்றேன்.