சேற்றுக்குப் பணிமூப்பு

ஏரிப் பாதுகாப்பு வாரியம் என்பது ஏரியைப் பாதுகாப்பதற்காக ஏற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் அம்மாள் உண்மையாகவே நம்பியிருந்தாள். அதனால்தான் ஏரியின் அடியில் குழாயை இறக்கி உருவியெடுத்த சேற்றை, நெடுக்குவாக்கில் பிளந்து, இயக்குநரின் மேஜைமேலேயே கிடத்தினாள். இயக்குநர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"வருஷாவருஷம் படிஞ்ச வண்டல் சார். அடியில இருக்கிறது மூவாயிரம் வருஷத்துப் பழசு. இந்த நத்தை ஓடெல்லாம் தண்ணி தெளிஞ்சு கிடந்த காலம். இந்தச் செம்மண் கோடு பெருவெள்ளம். இங்க வெடிச்சிருக்கு பாருங்க, ஏரியே வத்திப்போயிருக்கு."

"பேஷ்! மேல ஏன் கரேல்னு இருக்கு?"

அம்மாள் கறுப்பை விரலால் தொட்டுக் காட்டினாள். "சாக்கடை, எண்ணெய், ஈயம். நம்ம வாரியம் ஆரம்பிச்ச வருஷத்துலேர்ந்துதான் சார் கறுக்குது."

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல அடிப்படையிலேயே முறைகேடு இருக்கும்மா. மூவாயிரம் வருஷத்து சீனியர் அடியில கிடக்குது. நேத்து வந்தது தலைமேல உட்கார்ந்திருக்கு. பணிமூப்பைப் பார்க்க வேண்டாமா?"

"இயற்கை அப்படித்தான் சார் அடுக்கும்."

"இயற்கைக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தா?"

சாயங்காலத்துக்குள் ஆணை பிறந்துவிட்டது. மேற்படி சேற்றின் மேற்படிவு இன்னும் தகுதிகாண் பருவத்தை நிறைவு செய்யாமையால், அதன் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று. கறுப்பை வெட்டிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் அறிக்கை எழுதவும்.

"அப்படி எழுதினா ஜனங்க இந்தத் தண்ணியைக் குடிப்பாங்களே சார்!"

"குடிக்கத்தானேம்மா ஏரி?" என்ற இயக்குநர், ஆய்வுக்கூடத்தை மூடிவிடலாமா என்று மேலிடத்தில் ஒரு யோசனை இருப்பதையும் அன்போடு எடுத்துச் சொன்னார். அம்மாளுக்குக் கை கூசியது. கூசிய கையாலேயே கையெழுத்துப் போட்டாள்.

ஏரி சுத்தம் என்று விஞ்ஞானமே சொன்ன பிறகு ஊர் சும்மா இருக்குமா? 'ஆதிநீர்' என்று பாட்டிலில் வந்தது. விருந்தில் அது இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்றாயிற்று. வாடையைத் தொன்மையின் மணம் என்று மூக்கை விரித்து முகர்ந்தார்கள். தோலில் தடிப்பு வந்தவர்கள், உள்ளே இருந்த விஷமெல்லாம் வெளியேறுகிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த நாத்தனார் முழங்கையைச் சொறிந்துகொண்டே கேட்டாள். "நீங்க கண்டுபிடிச்ச தண்ணியாமே அண்ணி! உங்க வீட்டுல மட்டும் ஏன் காணோம்?"

"எனக்குச் சளி பிடிக்கும்" என்றாள் அம்மாள், அந்த முழங்கையைப் பார்க்காமல்.

அவள் வீட்டுக்கு மட்டும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஏரியிலிருந்து கேன் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் மனசு கேட்காமல் கேன்காரரிடம் விசாரித்தாள்.

"அந்த ஏரித் தண்ணி நல்லதுதானே?"

"பயப்படாம குடிங்கம்மா. அங்கயும் உங்கள மாதிரியே பெரிய படிப்பு படிச்ச ஒரு அம்மா, அடிச்சேத்தை எடுத்துப் பார்த்துக் கையெழுத்தே போட்டிருக்காங்க" என்றபடி கேன்காரர் காலி கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "என்ன, அவங்க வீட்டுக்கு மட்டும் உங்க ஊர்த் தண்ணிதான் கொண்டுபோறேன்."