முப்பதடிக் கீரை

பூமாதேவி யாராவது ஒரு மனிதரைப் பார்த்துப் பயந்திருப்பாள் என்றால், அது எங்கள் ரிக்கண்ணனாகத்தான் இருக்கும். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். பேச்சும் அடிக்கணக்கில்தான். மகளுக்குப் பார்த்த பையன் எப்படி என்று கேட்டால், "அஞ்சே முக்கால் அடிங்க. நல்ல கெட்டிப் பாறை" என்பார்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டியவருக்குச் சொந்தக் காட்டில் போட்ட துளையில் புழுதிதான் கிளம்பியது. ஆயிரம் அடி தாண்டியும் ஈரமில்லை. சோளத்தட்டுக்கூட முளைக்காத அந்தக் காட்டைப் பார்க்கப் பிடிக்காமல், போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வந்தது அந்த வீடியோ. மண்ணே கிடையாது, நட்டுவைத்த குழாயில் அடுக்கடுக்காகக் கீரை.

"சாமி, இத்தன நாளாக் கீழ போனது தப்புங்க. இனி மேல போறோம். ஒரே தண்ணி சுத்திச் சுத்தி வருது. ஒரு குண்டாத் தண்ணில ஒரு காட்டு வெள்ளாமைங்க!" என்று, அதே தெருவில் இருக்கும் என்னிடம் போனை நீட்டினார். அவருக்கு எல்லோரும் 'சாமி'தான்.

வீடியோவில் குழாய் ஆள் உயரம்தான். அது ரிக்கண்ணனுக்கு அவமானமாகப் பட்டது. "ஆறடியெல்லாம் ஒரு அடியாங்க?" என்று, துளைக்குள் இறக்குவதற்கு வாங்கி மிச்சமான குழாய்களை முப்பது அடிக்கு ஒட்டினார். காலியாகக் கிடந்த தறிக்குடோனுக்குள் நிறுத்தப் பார்த்தால் கூரை இடித்தது. கூரையை வெட்டினார்.

குழாய் நிறுத்தும் நாளில் கையில் தேங்காயோடு வந்தார். ரிக்காரர்கள் துளை போடுமுன் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி நடப்பார்கள். கீழே தண்ணீர் இருந்தால் அது எழுந்து நிற்குமாம்.

"அண்ணா, தண்ணிதான் குழாய்க்கு அடியில தொட்டியில இருக்குதே?" என்றேன்.

"இருந்தாலும் ஒரு வார்த்த கேட்டுக்கோணும் சாமி."

தேங்காய் தொட்டிக்குப் பக்கத்திலேயே எழுந்து நின்றது. அவருக்குப் பரம திருப்தி.

வளர்ந்தது லெட்யூஸ், ஓட்டல்களில் பச்சையாகவே தின்னத் தரும் சீமைக் கீரை. தெருவுக்கே கொடுத்தார். அவர் மனைவி சரசக்கா அதைக் கடைந்து பார்த்துவிட்டு, "பச்சத் தண்ணியக் கடஞ்சாப்பல இருக்குது" என்றார். ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. ஆனால் ஏற்காடு ரோட்டில் ஒரு ஓட்டல்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ரிக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி உச்சி வரிசைக் கீரையைப் பறித்த அழகைப் பார்க்க, அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

சித்திரையில் மின்சாரம் போனது. தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டார் நின்றது. மண்ணில் நிற்கும் செடியாவது அடி ஈரத்தை வைத்து ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். குழாயில் தொங்கும் வேருக்கு ஏது ஈரம்? வெட்டிய கூரை வழியாக வெயில் வேறு நேராக உள்ளே இறங்கியது. ஜெனரேட்டருக்கு அலைந்தார், கிடைக்கவில்லை. சொம்பில் தண்ணீரோடு ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள், கீழ் வரிசையில் இரண்டு செடி தவிர, மேலிருந்து எல்லாம் தொங்கிப்போயிற்று.

ஏதாவது கேலி பேசித் தேற்றலாம் என்று வாயெடுத்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் சுத்துப்பட்டுல பூராவும் நாம்போட்ட ஓட்டைதானுங்க சாமி. ஒண்ணு வத்துனா, அதவிட ஆழமா இன்னொண்ணு. கீழ இருந்ததயெல்லாம் உறிஞ்சிக் குடுத்தவன் நானு. ஒரு கீரையாச்சும் தண்ணியத் தின்னாம வெளய வெச்சுட்டுப் போலாம்னு பாத்தனுங்க. அதுக்கும் எனக்குக் குடுத்துவெக்கல."

என் வீட்டு போர்வெல்லும் அவர் போட்டதுதான்.

ஓட்டல்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். ரிக்கண்ணன் மறுபடியும் ரிக்கை எடுத்துக்கொண்டு வடக்கே வெளிமாநிலம் போய்விட்டார். வேறு பிழைப்புத் தெரியாது அவருக்கு. அங்கேயும் ஓட்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வப்போது போன் வரும்.

"ஏனுங்க சாமி, கீழ் வரிசையில ரெண்டு செடி உசுரோட இருந்துச்சே, எப்படி இருக்குது?"

"தளதளன்னு இருக்குதுங்கண்ணா."

அவர் கிளம்பிய வாரமே இரண்டும் கருகிவிட்டன. அதே குழாயில் புது விதை வாங்கிப் போட்டிருக்கிறேன். எங்கள் போர்வெல்லிலும் இப்போது காற்றுதான் வருகிறது என்பதால் கேன் தண்ணீர் ஊற்றுகிறேன். இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. சலித்துக்கொண்டே தினமும் போய்ப் பார்க்கிறேன். அந்த மனுஷன் வந்து இறங்கும்போது ஒரே ஒரு இலையாவது பச்சையாக இருக்கவேண்டும்.