பைப் காக்கா பிடித்துத் தந்த வீடு

கொழும்பில் வாடகை வீடு பிடித்துத் தரும் தரகர்களில் மனிதன் என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் கொஞ்சம் மூளை பிசகு.

சொந்த ஊர் எங்கள் கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருது. பெயர் என்னவோ, எல்லாருக்கும் அவர் பைப் காக்கா. எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாகக் குழாயைத் திறப்பார். கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் விழும் சத்தத்தை ரசிப்பார். பிறகு நடு ஹோலில் மல்லாந்து படுப்பார். "படுத்துப் பாத்தாத்தான் கூரை ஒழுக்குத் தெரியும்" என்பார். பிடிக்காவிட்டால் வீட்டுக்காரன் முகத்துக்கு நேரே, "இதுல ஆடும் இரிக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். இவர் எப்படித் தரகில் சோறு தின்றார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்குக் கல்முனையிலிருந்து கொழும்புக்கு மாற்றம் வந்தது. மனைவி வரமாட்டேன் என்றாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தோடு வீடு அவள் பெயருக்கு வரும். ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதில் குடியிருப்போம்.

"எண்ட ஊட்டப் பூட்டிப்போட்டு ஆர்ர ஊட்டுலயோ போய் இரிக்க எனக்கென்ன தலையெழுத்து? நீங்க போங்க."

மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். தனியாகப் போனால் அவள் என்னை மறந்துவிடுவாள். அதுதான் என் பயம்.

முதலில் நானே தேடினேன். என் முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டதென்று பொய் சொன்னவர்கள் பலர். அவர்களைப் பற்றி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். கடைசியில் பைப் காக்காவிடம் போனேன்.

"பொண்டாட்டி எங்க?"

"ஊர்ல, காக்கா."

"அப்ப நீங்க என்னத்துக்கு வந்த? ஊடு பாக்கிறது பொம்புளைட வேல. நீங்க சோறு திண்டுபோட்டுப் படுக்க மட்டும் வார ஆள்!"

கத்தினேன். அவர் எனக்கு மேல் கத்தினார். தோற்றுப்போய் மனைவியை அழைத்தேன். "வேணாம் எண்டு சொல்லத்தான் வாரன்" என்று பஸ் ஏறினாள்.

காக்கா கூட்டிப்போனது, இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் கைகோத்து நின்ற குறுகிய ஒழுங்கைக்கு. வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் தரையில் விழுந்தது. மாடியில் வீடு. நான் வாயைப் பிளந்து நின்றேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இந்த நிழலுக்குள்ள உடுப்பு எப்பிடிக் காயும்? இந்த இலையெல்லாம் ஆரு கூட்டுற?"

"கேளுங்க தங்கச்சி, கேளுங்க!" காக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர் குசினிக் குழாயைத் திறந்தார். அவள் குளியலறைக் குழாயைத் திறந்தாள். அவர் படுத்துக்கொண்டு ஒழுக்கைக் காட்டினார்; அவள் உடைந்த ஜன்னல் கொக்கியைக் காட்டினாள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். "நீர் ஆருக்குத் தரகர் காணும்? எனக்கா, அவையளுக்கா?" என்று சீறினார்.

"ஊட்டுக்கு" என்றார் காக்கா.

எஞ்சினியர் எல்லாவற்றையும் திருத்தித் தர ஒப்புக்கொண்டார். மனைவி மட்டும் அசையவில்லை.

"எல்லாம் சரி. எண்ட ஊடில்லியே."

எஞ்சினியர் என்னிடம் நீட்டிய சாவியைக் காக்கா இடையில் பறித்து அவள் கையில் வைத்தார். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே அவர் குரல் கேட்டது.

"தங்கச்சி, சாவி உங்கட கையில. இரிக்குமட்டும் இது உங்கட ஊடு. வாசல்ல ஒரு மாப்பிள்ள நிக்காரு. எடுக்கிறதா, திருப்பி அனுப்புறதா?"

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள்.

கதவு திறந்தது. காக்கா கையில் வாளி. எங்கள் ஊரில் கலியாணத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வந்தால், பெண்ணின் சகோதரன்தான் கால் கழுவி உள்ளே கூட்டிப்போவான்; மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். இந்த மனிதன் என் சப்பாத்தைக் கழற்றவைத்து இரண்டு காலிலும் தண்ணீரை ஊற்றினார். எஞ்சினியர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"கால் கழுவின மச்சானுக்கு மோதிரம் போடணுமே, காக்கா" என்றேன்.

"மோதிரம் கிடக்கட்டும். காலத் தொடச்சிப்போட்டு ஏறுங்க. தங்கச்சிட ஊட்ட நனைக்காதீங்க."

மகள் அந்த ஹோலில்தான் நடக்கப் பழகினாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு.

இப்போது ஊருக்கே திரும்பிவிட்டோம். காலையில் என் வீட்டுக் குழாயை, இல்லை, மனைவி வீட்டுக் குழாயைத் திறந்தால், தண்ணீர் விழும் சத்தத்தைக் கொஞ்சம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத்தான் முகம் கழுவுகிறேன்.