மெல்ல மெல்ல வந்த குண்டு

சத்தத்துக்குப் பயந்தவன் சத்தம் செய்கிற வேலைக்குப் போகக் கூடாது. நான் போனேன். (வேறு வேலை கிடைக்கவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கணினி விளையாட்டுக்குச் சத்தம் சேர்த்துக் கொடுத்தோம். நாங்கள் என்றால், மடவளையைச் சேர்ந்த முதலாளி ரிஸ்வான் நானாவும் (அண்ணனை அவர்கள் நானா என்பார்கள்) நானும். விளையாட்டில் ஒரு படைவீரன் ஓடுவான், சுடுவான், குண்டெறிவான். வெளியே நடந்தது போதாதென்று உள்ளேயும் அதுதான்.

சின்ன வயதில், கலவரத்தின்போது, எங்கள் வீட்டுக் கதவு உடைபடும் சத்தத்தைக் கேட்டவன் நான். அன்றிலிருந்து எந்தச் சத்தமும் எனக்குச் சின்னச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு பிரஷர் குக்கர் விசிலடித்தாலும் முதலில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், பிறகுதான் யோசிப்பேன். அப்படிப்பட்டவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குண்டு கேட்டால் என்னவாகும்? முதல் வாரத்திலேயே மூன்று முறை மேசைக்கு அடியில் போனேன், வயர் கழுத்தைச் சுற்றியபடி.

பிறகுதான் அறிவாளித்தனமாக ஒரு வழி கண்டேன். எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ‘ஃபேட்-இன்’ என்று ஓர் எண் உண்டு. அதில் இரண்டு செக்கன் என்று போட்டால் சத்தம் திடீரென வராது. ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல ஏறி, இரண்டு செக்கன் கழித்துத்தான் முழுதாகக் கேட்கும். காற்றுக்கும் ஆற்றுக்கும் அதுதான் அழகு. துப்பாக்கிக்கு மட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். எனக்கோ துப்பாக்கிதான் பிரச்சினை.

நானூறு சத்தங்களைக் கையால் மாற்ற முடியுமா? ஒரு சின்ன நிரல் எழுதினேன். கணினியைப் போட்டவுடன் அது தானாகவே ஓடி, நானூற்றுக்கும் இரண்டு செக்கன் போட்டுவிடும். மாலையில் இன்னொரு நிரலை ஓட்டி, எல்லாவற்றையும் பழைய எண்ணுக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவேன். முதலாளியிடம் மூச்சு விடவில்லை.

ஒருநாள் அந்தக் கம்பனிக்காரரே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அவருக்குப் பிடித்தால் அடுத்த விளையாட்டும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான் என்று நானா சொல்லியிருந்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதிய அடையாள அட்டையோடு அந்த நாட்களில் கண்டியில் இன்னொரு வேலை தேடுவது நடக்கிற காரியமில்லை. முதல்நாள் மாலை எண்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டுக் கணினியை அணைத்தேன். அணைத்ததைக் காலையில் மறுபடி போடத்தான் வேண்டும் என்பது அந்த அறிவாளிக்கு எட்டவில்லை.

மறுநாள் பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி, நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கம்பனிக்கார விருந்தினர் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு உதவியாக நானா கணினியைப் போட்டு வைத்திருந்தார்.

விளையாட்டு தொடங்கியது. வீரன் காலடிச் சத்தமே இல்லாமல் பேய் மாதிரி மிதந்தான். சுட்டான், சத்தம் ஏறுவதற்குள்ளேயே முடிந்துவிட்டதால் ஒன்றும் கேட்கவில்லை. எதிரி மாரடைப்பு வந்தவன் போலத் தானாகச் சாய்ந்தான். விருந்தினர் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார், பிறகு சத்தத்தை முழுதாகக் கூட்டினார். வீரன் குண்டெறிந்தான். கட்டடம் இடிந்து, தூசும் அடங்கிய பிறகு, கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறி வருகிற மாதிரி எங்கிருந்தோ ஓர் உறுமல் கிளம்பி, முக்கி முனகி வந்து சேர்ந்தது.

நானா என் பக்கம் திரும்பினார். “தம்பி, என்னத்த செஞ்சு வெச்சிருக்கீங்க?”

“எல்லாத்துக்கும் ஃபேட்-இன் போட்டுட்டன் நானா. திடீரெண்டு வெடிச்சா எனக்கு நெஞ்சு நிண்டுடும்.”

அவர் திட்டவில்லை. எடுத்துவிடச் சொன்னார், அவ்வளவுதான். மற்ற நிரலை ஓட்டினேன். அது முடிய நாற்பது செக்கன் ஆனது. அதற்குள் நான் மனத்தில் வேலையிழந்து, வீட்டைக் காலி செய்து, பெட்டியும் கட்டிவிட்டேன். விருந்தினர் மறுபடி குண்டெறிந்தார். ஸ்பீக்கரை அவர் குறைக்கவேயில்லை என்பதை எல்லோரும் மறந்திருந்தோம்.

நான் கண்ணைத் திறந்தபோது மேசைக்கு அடியில் இருந்தேன். பக்கத்தில் ரிஸ்வான் நானா.

“நீங்களுமா நானா?”

“பேசாம இரிங்க. அந்த மனுசன் எங்க?”

“கதிரையிலதான். சிரிக்கிறார்.”

அந்த மனிதர் குனிந்து எங்கள் இருவரையும் பார்த்து, குண்டுச் சத்தம் மிகவும் இயற்கையாக இருக்கிறது என்று சொன்னார். அடுத்த விளையாட்டும் எங்களுக்கே கிடைத்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி வதனி சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணீரைக் கொட்டினாள். ஆறு வயது மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், அதுதான் வினையானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: அப்பாவுக்கு எதையும் ஃபேட்-இன் போட்டுத்தான் சொல்ல வேண்டும். சைக்கிளில் விழுந்து அவள் கை முறிந்த கதை, அன்றைய மழையில் தொடங்கியது. பள்ளிக்கூடச் சோதனையில் கணக்கில் கோட்டை விட்டது, தக்காளி விலையில் தொடங்கியது.

இப்போது அவள் வெளிநாட்டில் படிக்கிறாள். போன கிழமை தொலைபேசியில் வந்தாள். “அப்பா, இங்க நல்ல மழை. நேற்றுத் தக்காளியும் வாங்கினனான்.”

நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். “சொல்லு பிள்ளை. அப்பா இருந்திட்டன்.”

“ஒண்டுமில்லை அப்பா. சும்மாதான் எடுத்தனான்.”

வதனி நம்பிவிட்டாள். நான் ஒரு கிழமையாகக் காத்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் வெடிக்கவில்லை.