பரபரப்பு ஆராய்ச்சி

உயிரே போனாலும் பின்னறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். முப்பது வருடம் பத்திரிகை ஆபீசில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அறையில் எண்பதுகளின் பத்து வருடப் பேப்பரும் கட்டுக் கட்டாகக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுக்குக்குப் பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க இடம் உண்டு. தினமும் மதியம் இரண்டு மணிக்கு அங்கே போய் மறைந்தால் நாலு மணிக்குத்தான் வெளியே வருவார். கடைக்குப் போக, கேஸ் சிலிண்டரை நகர்த்த என்று யார் கூப்பிட்டாலும் காது கேட்காது.

மனைவிக்கோ தையல் வகுப்பு நடத்த இடம் பற்றவில்லை. கூடத்தில் பதினாலு பெண்கள் முழங்கை இடித்துக்கொண்டு தைத்தார்கள்.

"என்னங்க, அந்தப் பழைய பேப்பரைத் தூக்கிப் போட்டா மெஷினையெல்லாம் அங்க கொண்டுபோயிடலாம்."

"தூக்கிப் போடறதா? அங்க ஆராய்ச்சி நடக்குது!"

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து." அவசரத்தில் வாய் உளறிவிட்டது. சமாளித்தார். "ஒரு பேராசிரியர் கேட்டிருக்காரும்மா. எண்பதுகள்ல 'பரபரப்பு'ங்கிற வார்த்தை செய்தியில எங்கெங்க வந்துச்சு, எதுக்கெல்லாம் வந்துச்சுன்னு எண்ணணும். ரெண்டு வருஷமாவது ஆகும்."

"எல்லாப் பக்கமுமா?"

"முதல் பக்கம் போதும்." பொய்யிலும் கொஞ்சம் குறைவாக உழைக்கவே விரும்புகிற மனுஷர் அவர். அந்தச் சோம்பல்தான் அவர் காலை வாரியது.

"எண்ணி முடிச்ச பேப்பர்?"

"அது எதுக்கு? நீயே எடுத்துக்கோ" என்றார் தாராளமாக.

மனைவி உடனே போய்ப் பென்சில்களைச் சீவ ஆரம்பித்தாள். அதிலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் கண் செருகும் நேரத்தில் கதவு திறந்தது. கையில் பென்சிலோடு பதினாலு பெண்கள். அவர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"சார், எனக்கு எந்தக் கட்டு?"

"பேராசிரியரைக் காக்க வைக்கலாமா?" என்றாள் மனைவி. "அதான் ஆள் கூட்டிட்டு வந்தேன்."

வேலை மடமடவென்று நடந்தது.

"அக்கா, எண்பதுல பேங்கையே கொள்ளையடிச்சாத்தான் பரபரப்பு!"

"என் கட்டு எண்பத்தொன்பது. குடிதண்ணிக் குழாய் உடைஞ்சதுக்கே பரபரப்பு ஏற்பட்டிருக்கு."

"இங்க ஒரு மாடு ரோட்டுல படுத்துச்சாம். 'பெரும் பரபரப்பு'ன்னு போட்டிருக்கான். மாடு எப்ப எழுந்துச்சு சார்? அடுத்த நாள் பேப்பர்ல அதைக் காணோமே?"

தாமே புரூஃப் பார்த்த மாடுதான். எப்போது எழுந்தது என்று அவருக்கும் தெரியாது. கேட்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் மதியத் தூக்கம் போயிற்று.

எண்ணி முடித்த பேப்பர் அங்கேயே கத்தரிக்கு வந்தது. துணியை வெட்டும் முன் காகிதத்தில் வெட்டிப் பழகுவது அந்த வகுப்பின் வழக்கம். ஒரு வெள்ளச் செய்தி சட்டைக் கையாகவும், ஒரு தேர்தல் முடிவு காலராகவும் அவர் கண்ணெதிரே ஆயின.

"இப்படி அவசரமா எண்ணினா தப்பு வரும். எல்லாத்தையும் ரெண்டு தடவை எண்ணணும்" என்றார், கடைசி முயற்சியாக.

"ஒவ்வொரு கட்டையும் ரெண்டு பேர் எண்ணின பிறகுதாங்க கத்தரியே வைக்கிறோம். நோட்டைப் பாருங்க."

பார்த்தார். முப்பது வருடம் பிழை பிடித்த கண்ணுக்கு ஒரு பிழைகூட அகப்படவில்லை.

வெட்டியது போக மீதி பழைய பேப்பர் கடைக்குப் போய், பன்னிரண்டாம் நாள் அறை காலி. சுவர் தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, அவர் பாயும் தலையணையும் பளிச்சென்று தெரிந்தன. மனைவி இரண்டையும் மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் பாயை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் எங்கம்மா உக்காந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவேன்?"

"கூடத்துல. இனிமே அது காலிதானே? ஆனா காலையிலயே எழுதி முடிச்சிடுங்க. சட்டைக்குப் பட்டன் தைக்க ஆள் போதலை, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் நீங்க சும்மாத்தானே படுத்திருப்பீங்க!"